அரசர் இல்லாத ஊரில் ஒரு வாரம்

தலவாக்கலைப் பக்கத்தில் நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்தது. காய்ந்த தேயிலையைச் சரிவில் கொட்டினால், கேமராக்கள் ஒவ்வொரு துகளின் நிறத்தையும் பார்க்கும். காம்பு, நார் என்று தோன்றியதைக் காற்றால் ஊதித் தள்ளிவிடும். செய்தவர்கள் இத்தாலியின் வடக்கே தூரின் நகரத்துக்காரர்கள். அதைக் கழற்றிப் பூட்டப் பழகிவர ஒருவரை அனுப்ப வேண்டும் என்றார்கள். மின்னணுவியல் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

அந்த ஊரில் அம்மாவின் தங்கை, சரோஜா சித்தி, இருக்கிறார். மஸ்கெலியாவில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழும்பில் வீட்டுவேலை, பிறகு குவைத், பிறகு இத்தாலி என்று போனவர். ஆறு வருடமாக ஒரு மூதாட்டியை உடனிருந்து பார்த்துக்கொள்கிறார். நான் வேறெங்கும் தங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் பெட்டியில் எனக்கென்று இருந்தவை: நான்கு உடுப்பு, ஒரு மல்டிமீட்டர், ஒரு குறிப்புப் புத்தகம். மற்றதெல்லாம் சித்திக்கு: இடித்த மிளகாய்த்தூள், கித்துள் கருப்பட்டி, எங்கள் தேயிலை இரண்டு கிலோ. மாசிக் கருவாடு மட்டும் சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிறு பகல் ரயில் நிலையத்தில் சித்தி என்னைக் கட்டிப்பிடித்தார்.

"என்ன புள்ள, இப்புடி எலும்பாப் போயிட்ட. மாசி எங்க?"

காரணத்தைச் சொன்னேன். டிராமில் நாலு நிறுத்தம் வரை சித்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தூரின் தெருக்கள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டவை. ஒவ்வொரு தெருவின் கடைசியிலும் பனி மூடிய மலை தெரிகிறது. நுவரெலியாவில் மலை நம் முதுகில் ஏறி நிற்கும். இங்கே அது சுவரில் மாட்டிய காலண்டர் படம்போல எட்டவே நிற்கிறது. அதில் ஏறி யாரும் கூடை சுமப்பதாகத் தெரியவில்லை.

வீடு நாலாம் மாடியில். மூதாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருக்கிறார். இடக்கை மட்டும் நன்றாக வேலை செய்கிறது. சித்தி அவரை 'நோனா' என்று கூப்பிடுகிறார். சிங்களத்தில் அது சீமாட்டி. இத்தாலியர் காதில் அது பாட்டி என்று விழுகிறது. எவ்வளவு பாசம் என்று அக்கம்பக்கத்தில் மெச்சுகிறார்களாம். சித்தி திருத்தவில்லை.

நடையில் ஒரு தட்டு அடித்து, சித்தி சாமி படங்களை வரிசையாக வைத்திருந்தார். பிள்ளையார், முருகன், மாரியம்மன், வேளாங்கண்ணி மாதா. ஐந்தாவதாக, வெள்ளிச் சட்டம் போட்ட பழுப்பேறிய புகைப்படம். கழுத்திலிருந்து இடுப்புவரை சரம் சரமாக முத்து மாலை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் குங்குமப் பொட்டு.

யாரென்று கேட்டேன்.

"நோனாவோட மாதா. முத்து மாதா. நோனா தெனம் அந்தியில வெரலுக்கு முத்தம் குடுத்து அந்தக் கண்ணாடிய தொடுவாங்க. சாமிக்குத்தானே அப்புடிச் செய்வாங்க? தனியா ஒரு மூலையில இருந்துச்சு. பாவம்னு நம்ம சாமிகளோட சேத்துட்டேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஒண்ணாப் பொட்டு."

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மாதா சிலை உண்டு. அவருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் மேலே ஏறுவோம். அதனால் எனக்கும் அதில் எந்தத் தவறும் தெரியவில்லை.

அன்று மாலை ரொட்டி தட்டிக்கொண்டே சித்தி விஷயத்தைச் சொன்னார். நோனாவின் தங்கை மகன் புரூனோ வெள்ளிக்கிழமை வருகிறார். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு நாளும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை, எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பது அவர் எண்ணம். நோனா போனால் சித்தியின் வேலை போகும். வேலை ஒப்பந்தத்தில் புரூனோ கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாதம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கலாம். கண்டியில் தாதியர் பயிற்சியில் இருக்கும் சித்தியின் மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் தர்ஷி. வாயிதான் இல்ல. அத யாரு கேக்குறா." ரொட்டியைப் புரட்டிப் போட்டார். "அத விடு. நீ சாப்புடு."

திங்கட்கிழமை டிராமில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பெண் எழுந்து, டிக்கெட்டை என் கையிலிருந்து பிடுங்கி, கம்பத்திலிருந்த பெட்டியில் செருகி முத்திரை குத்தி, சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். இங்கே நாம் பெட்டியைத் தேடிப் போக வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் பெயர் லூக்கா. நாற்பது வயது. கை இயந்திரத்திலும் வாய் சரித்திரத்திலும் இருக்கும் மனிதர். பகல் சாப்பாட்டில் பென்சில் மாதிரி நீளமான மொறுமொறு ரொட்டிக் குச்சிகள் வந்தன. இந்த ஊரை ஆண்ட சவோய் அரச குடும்பத்தில் முன்னொரு காலத்தில் ஓர் இளவரசனுக்கு ரொட்டி செரிக்கவில்லையாம். அவனுக்காக வைத்தியரும் ரொட்டிக்காரரும் சேர்ந்து செய்தது இது என்றார். பையன் தேறி அரசனானான். நோயாளிச் சாப்பாடு ஊர்ச் சாப்பாடாகிவிட்டது.

அந்தக் குடும்பம் நூற்றாண்டுக் கணக்கில் இந்த மலையடிவாரத்தை ஆண்டிருக்கிறது. பிறகு துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலியை ஒன்றாக்கி, அதற்கே அரசரானது. தூரின்தான் முதல் தலைநகர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மக்கள் வாக்களித்து அரசரை அனுப்பிவிட்டார்கள். ஆண் வாரிசுகள் நாட்டில் காலே வைக்கக் கூடாது என்று வெகுகாலம் சட்டம் இருந்ததாம். பிறந்த மண்ணில் இடமில்லை என்று எங்கள் மலைகளிலிருந்தும் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கில் உண்டு. அவர்களை நினைத்துக் கடிக்க ஒரு ரொட்டிக் குச்சிகூட இல்லை.

குறிப்புப் புத்தகத்தில் பழுதுபார்ப்புப் பதிவேடு மாதிரி மூன்று பத்தி போட்டேன். சவோய் விட்டுப்போனவற்றில் இன்னும் ஓடுபவை, நின்றுபோனவை, பெயர் மட்டும் உள்ளவை. ரொட்டிக் குச்சி, ஓடுகிறது.

செவ்வாயன்று லூக்காவுக்கு எங்கள் தேயிலையை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு எலுமிச்சம்பழத்தைத் தேடினார். நான் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டேன். சமாதானமாக அவர் இன்னொரு பதிவு கொடுத்தார். இத்தாலியின் கொடியில் நீலமே கிடையாது, ஆனால் தேசிய உதைபந்தாட்ட அணியின் சட்டை நீலம். அது சவோய் குடும்பத்தின் நிறம். லூக்காவுக்கு அரசர்களைப் பிடிக்காது. சர்வாதிகாரிக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு ஓடியவர்கள் என்றார். ஆட்டம் நடக்கும் நாளில் அவரும் அந்த நீலச் சட்டையைத்தான் போடுகிறார். சட்டை எங்கிருந்து வந்தது என்று பந்துக்குத் தெரியாதாம்.

அன்று திரும்பும்போது டிராமில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டு வந்ததை லூக்கா எனக்கு மெல்ல மொழிபெயர்த்தார்.

"குடியரசு வந்து இத்தனை காலமாச்சு, டிராம் இன்னும் பிந்தித்தான் வருது."

"அரசர் காலத்திலயும் பிந்தித்தான் வந்தது. வரும்போது பாண்டு வாத்தியமாவது வாசிச்சாங்க."

மறுநாள் டிராமே வரவில்லை. வேலைநிறுத்தம். எங்கள் பக்கத்தில் என்றால் ஊரெல்லாம் முதல்நாளே தெரிந்து, காலையில் ஒரு கூட்டம் சந்தியில் நின்று திட்டிக்கொண்டிருக்கும். இங்கே எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் நடந்தார்கள். நானும் பயிற்சி இடம்வரை நடந்து, மாலையில் திரும்பி நடந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையில்லை. ஆனாலும் நனையவில்லை. நகரத்தின் நடுவிலிருந்து ஆற்றுவரை கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் குறுக்குத் தெருவுக்கு மேலேயும் கூரை விடாமல் போகிறது. அரசர் அரண்மனையிலிருந்து ஆற்றுக்கு நனையாமல் நடப்பதற்காக அப்படிக் கட்டினார்களாம். அன்று அதற்குள் காய்கறிப் பை தூக்கிய பெண்களும், ஒரு நாயும், சாமான் கொண்டுபோகும் சைக்கிள்காரர்களும், நானும் போனோம். ஹட்டன் கடைவீதியில் மழை பெய்தால் ஒவ்வொரு கடைத் தாழ்வாரத்துக்கும் தாவித் தாவிப் போவதை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கும் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஓடுபவை: காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என்ற உத்தியோகம். நின்றுபோனவை: பங்களாக் குதிரை லாயம். பெயர் மட்டும்: தோட்டங்களுக்கு வைத்த ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்கள். மழைக்கு ஒதுங்க விட்டுப்போனது என்று எதையும் எழுத முடியவில்லை.

வீட்டில் சித்தி சவோய் பெயரையே கொண்ட விரல் நீள பிஸ்கட்டை நான் கொண்டுபோன தேயிலையில் ஊற்றிய தேநீரில் தோய்த்து நோனாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நோனாவுக்கு எங்கள் தேயிலை பிடித்துப்போய்விட்டது. எலுமிச்சை கேட்கவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் விடுமுறை. அரண்மனையைப் பார்க்கப் போனேன். தங்க முலாம் பூசிய அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். ஒரு படத்தின் முன்னால் நின்றேன். சரம் சரமாக முத்து மாலை. அதே முகம். நெற்றிதான் வெறுமையாக இருந்தது.

கீழே எழுதியிருந்ததைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் அரசி. தக்காளிச் சிவப்பும், பாற்கட்டி வெள்ளையும், இலைப் பச்சையுமாகக் கொடி நிறத்தில் ஒரு பீட்சா இருக்கிறதே, அது அவர் பெயரால் வந்தது என்று பக்கத்தில் நின்ற வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார்.

டிராமில் வரும்போது இரண்டு பத்தி போட்டேன். சித்தியிடம் சொல்லலாம், சொல்ல வேண்டாம். வேண்டாம் என்ற பத்தியில் மூன்று காரணம் இருந்தது. சொல்லலாம் என்பதில் ஒன்றே ஒன்று: அது உண்மை. தவறான இணைப்பைப் பார்த்தால் திருத்தாமல் விட எனக்குப் பழக்கமில்லை. நோனா பகல் தூக்கத்தில் இருந்தபோது சொல்லிவிட்டேன்.

சித்தி நடைக்கு வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

"எங்கம்மா பங்களாக் குசினியில வேல செஞ்சவங்க. தொரசாணி கார் வந்தா ரோட்ட விட்டுத் தண்ணி ஓடுற கான்ல எறங்கி நிப்பாங்க. நான் கடல் தாண்டி வந்து ஒரு தொரசாணிக்கு ஆறு வருஷமா சூடம் காட்டியிருக்கேன்." குசினித் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பொட்டு சுலபத்தில் போகவில்லை. "மாரியம்மாவுக்குப் பக்கத்துல வேற வச்சேன்."

படத்தை வரிசையிலிருந்து எடுத்து, வாசலருகே சாவி போடும் சின்ன மேசைமேல் வைத்தார். அந்தியில் நாற்காலியை அங்கே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். நோனா விரலை முத்தமிட்டுக் கண்ணாடியைத் தொட்டார். கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து நான் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் புரூனோ வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கழுத்தில் துணி சுற்றியவர், நல்ல மனிதராகவே தெரிந்தார். பெரியம்மாவுக்குப் பூ வாங்கி வந்திருந்தார். குசினி மேசையில் தாள்களைப் பரப்பினார். சித்தி உட்காரவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

புரூனோ நோனாவின் பக்கம் குனிந்து, இன்றைக்கு என்ன கிழமை, நான் யார் என்று கேட்டார். விரலால் ஞாயிறு, திங்கள் என்று எண்ணிக் காட்டினார். நோனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரூனோ என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "பாருங்கள். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. அவர் இங்கே இல்லை, அவ்வளவுதான்."

சித்தி நடைக்குப் போனார். விளக்கேற்றும் நேரம். நாலு படத்துக்கும் பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றார்.

அப்போது நோனா இடக்கையால் சக்கரத்தைத் தள்ளினார். ஒற்றைக் கையால் தள்ளுவதால் நாற்காலி கோணலாகப் போய்க் கதவுச் சட்டத்தில் இடித்தது. பின்னுக்கு இழுத்து மறுபடியும் தள்ளினார். நாங்கள் பின்னால் போனோம். சாமித் தட்டின் முன் நின்று ஐந்தாவது இடத்தைப் பார்த்தார். பிறகு வாசல் மேசையைப் பார்த்தார். நாற்காலிக் கையில் மூன்று முறை அடித்தார். படத்தைக் காட்டினார். அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்தார்.

என்ன வேண்டுமாம் என்று புரூனோ என்னிடம் கேட்டார். எனக்கு மூன்று பதில் தோன்றியது. தெரியாது என்பது. ஏதோ எங்கள் வழக்கம் என்பது. மூன்றாவது, நடந்தது.

நடந்ததையே சொன்னேன். உங்கள் அரசியை மாதா என்று நினைத்துச் சித்தி ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறார். அரசி என்று நேற்று நான் சொன்னேன். அதனால் இன்று வைக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. அது உங்கள் பெரியம்மாவுக்குத் தெரிகிறது.

புரூனோ முதலில் சிரித்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படத்தின் கதையை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நோனாவின் பாட்டி அரண்மனையில் கிழிசல் தைக்கும் வேலை செய்தவர். வேலையாட்களுக்கெல்லாம் அரசி ஆளுக்கொரு படம் கொடுத்தாராம். நோனாவின் தகப்பனார் குடியரசுக்கு வாக்களித்தவர். வீட்டில் அரசர் பேச்செடுத்தால் தட்டு பறக்கும். ஆனால் அந்தப் படத்தை மட்டும் யாரும் இறக்கியதில்லை.

இதைச் சித்திக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப நோனாவும் பங்களா வேலக்காரங்க வூட்டுப் புள்ளதானா?" என்றார் சித்தி. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். தானே வைக்கவில்லை, படத்தையும் சிமிழையும் நோனாவின் மடிக்குக் கொண்டுவந்தார். நோனா மோதிர விரலைத் தோய்த்தார். பொட்டு சற்றுக் கோணலாக, அரசியின் இடது புருவத்துக்கு மேலே விழுந்தது. பிறகு அதே விரலைச் சித்தியின் பக்கம் நீட்டினார். சித்தி குனிந்தார். அடுத்து புரூனோவின் பக்கம் நீட்டினார். அவரும் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

அந்தப் பொட்டோடுதான் அவர் குசினி மேசைக்குத் திரும்பி, இல்லத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தார். இடம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த வருடம் மறுபடி பார்ப்போம் என்றும் சொன்னார். சித்தி அப்போதுதான் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை, நான் கிளம்புவதற்கு முன் படத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. சாமி வரிசைக்கு அது திரும்பாது என்று சித்தி சொல்லிவிட்டார். "சாமிக்கு நான் வைப்பேன். இது நோனா வூட்டு ஆளு, அவங்களே வச்சிக்கிடட்டும். எட்டணும், அவ்வளவுதான்." நாற்காலியில் இருந்தபடி நோனாவின் இடக்கை எவ்வளவு உயரம் போகிறது என்று அளந்தேன். தரையிலிருந்து நூற்றுப் பத்து சென்டிமீட்டர். அரசியின் நெற்றி அந்த உயரத்தில் வரும்படி ஆணி அடித்தேன். ஓர் அரசிக்கு மிகவும் தாழ்வான இடம்தான், ஜன்னல் கட்டையைவிடக் கொஞ்சமே மேலே. நோனா கையை நீட்டிப் பார்த்தார். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. ஆணியைப் பிடுங்கி இறக்கி அடித்தேன். எட்டியது.